தூக்காத சிலிண்டர்

"அம்மாகிட்ட ஹெர்னியான்னு சொல்லிட்டேன்" என்றான் பாலச்சந்திரன், போனை வைத்துவிட்டு.

பத்மப்ரியா அவனையே பார்த்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷம். அவர்கள் குடியிருக்கும் குகட்பள்ளியில் அவள் ஏறாத ஸ்கேன் சென்டர் இல்லை. எங்கேயும் அவளிடம் ஒரு குறையும் தென்படவில்லை. கடைசியில்தான் டாக்டர் அவனைப் பரிசோதித்தார். விந்தணுக்கள் குறைவு, விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. பல ஆண்களுக்கு இருப்பதுதான், சின்ன ஆபரேஷனில் சரியாக வாய்ப்புண்டு, ஆகாவிட்டால் சோதனைக்குழாய் முறை இருக்கிறது என்று தைரியம் சொன்னார்.

ஹெர்னியா என்றால் அம்மா கவலைப்பட மாட்டாள் என்பது அவன் கணக்கு. அம்மா விஜயகுமாரியோ அப்பா சுந்தரேசனையும் இழுத்துக்கொண்டு மதுரையிலிருந்து ரயிலேறிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும் விசாரணை ஆரம்பித்தது.

"வெயிட்டு தூக்குனாத்தான்டா ஹெர்னியா வரும். நீ என்னத்தத் தூக்குன?"

ஹைடெக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் எதைத் தூக்குவான்?

"கேஸ் சிலிண்டரும்மா."

"அதுக்கு ஆள் இல்லையா?"

"அன்னைக்கு வரல. ப்ரியாதான் அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு சொன்னா..."

அவ்வளவுதான். மருமகள் மகனை மூன்று மாடி சிலிண்டர் சுமக்க வைத்த கதை சாயந்திரத்துக்குள் மதுரை முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாளுக்கு விஜயகுமாரி சைகையிலேயே சிலிண்டரைத் தூக்கிக் காட்டினாள். பார்க்க வந்த டீம் லீடர் அவனுக்கு ஆப்பிளும் ப்ரியாவுக்கு அறிவுரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது விஜயகுமாரி அலுத்துக்கொண்டாள். "ஒரு புள்ளையத்தான் பெத்துக் குடுக்கல. இருக்கறவனையாவது ஒழுங்கா பாத்துக்கக் கூடாதா?"

ப்ரியா மாமனாருக்கு ரசம் ஊற்றினாள்.

பாலச்சந்திரன் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். அவளுக்கு எத்தனை ஊசி, எத்தனை விரதம், எத்தனை பேரின் பேச்சு! உண்மை தெரிந்த பிறகும் அவள் யாரிடமும் அவனைக் காட்டிக் கொடுத்ததில்லை.

"அம்மா, ஹெர்னியாவும் இல்ல, சிலிண்டரும் இல்ல. குறை எனக்குத்தான். விந்தணு கம்மி. அதுக்குத்தான் ஆபரேஷன். இனிமே அவளை ஒரு வார்த்தை சொல்லாத."

விஜயகுமாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "பொண்டாட்டியக் காப்பாத்த இப்படியா புளுகுவ? நம்ம குடும்பத்துல எந்த ஆம்பளைக்குடா இப்படி ஒரு குறை வந்திருக்கு?"

அதுவரை வாயே திறக்காத சுந்தரேசன், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"நீ பொறக்கறதுக்கு முந்தின வருஷம் எனக்கும் ஒரு ஆபரேஷன் ஆச்சுடா. உங்கம்மாகிட்ட நானும் ஹெர்னியான்னுதான் சொன்னேன்."