கூடத்தில் ஒரு சிவப்பு நாக்கு

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிட்டாங்களாம். அந்த நாக்கை ஜல்தியா கழட்டுங்க!” என்றார் கலையரசி.

அவர் கணவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அப்பாதுரை, அசையவில்லை. அவர்களுடைய விழுப்புரத்து வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், உதட்டைப் பிளந்து நீண்டிருந்தது அந்தச் சிவப்பு நாக்கு. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற லண்டன் இசைக்குழுவின் சின்னம். கல்லூரி நாளில் பாண்டிச்சேரியில் வாங்கியது. அதன் பிறகு வெள்ளையடிக்கக்கூட அதை இறக்க விட்டதில்லை.

“மலருக்குப் பையனைப் புடிச்சிப் போச்சு. திண்டிவனத்துக்காரங்க இதைப் பாத்துட்டு, என்னா குடும்பம்னு கேட்டா?”

மகளுக்காக அப்பாதுரை படத்தை இறக்கினார். பின்னால் வெள்ளையடிக்காத பழுப்புச் சதுரமும் ஒரு பல்லிக் குடும்பமும் தெரிந்தன. அவசரமாகத் திரும்ப மாட்டி, மேலே நாட்காட்டியைத் தொங்கவிட்டார். நாக்கின் நுனி மட்டும் கீழே எட்டிப் பார்த்தது, முன்னைவிட மானக்கேடு. நாட்காட்டியை எடுத்தபோதே வாசலில் கார் நின்றது. கையில் கிடைத்த மல்லிகைச் சரத்தைச் சட்டத்தில் போட்டு, குங்குமமும் வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை தென்னரசுவின் தாய் கோவிந்தம்மாள், உள்ளே வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எந்த அம்மன்ங்க?”

“எங்க குலதெய்வம்ங்க” என்றார் அப்பாதுரை.

“ஜாதகத்தோட அய்யனாருன்னு எழுதிக் குடுத்தீங்களே?”

“இது... அய்யனாருக்கும் மூத்ததுங்க.”

கோவிந்தம்மாள் கற்பூரம் கேட்டார். லண்டன் நாக்குக்குத் தலைமையாசிரியரே மணியடித்துத் தீபாராதனை காட்டினார். மாப்பிள்ளையின் தந்தை முத்துசாமி மட்டும், மின்விசிறிக்கு நேர் கீழே நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

“பேஜாராப் போச்சுங்க!” என்றார் கோவிந்தம்மாள். “எங்க பூஜையறையிலயும் இதே படந்தான் கீது. எங்க குலதெய்வம்னு இவருதான் சொன்னாரு. முப்பது வருஷமா விளக்கேத்திக்கினு வர்றேன். ஒரே குலதெய்வம்னா நாம பங்காளிங்களாச்சே! அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ண முடியுமா? தென்னரசு, எழுந்திரு!”

கதவோரம் காபித் தட்டோடு நின்ற மலர்விழியின் கண்கள் கலங்கின.

அப்பாதுரை முத்துசாமியைப் பார்த்தார். முத்துசாமி தரையைப் பார்த்தார். பொய் சொன்ன பிள்ளைகளை முப்பத்து மூன்று ஆண்டுகள் முட்டி போடவைத்தவர் அப்பாதுரை. முதுகை நிமிர்த்தினார்.

“அம்மா, நான் சொன்னது பொய். அது சாமி இல்ல. இங்கிலாந்து பாட்டுக்காரங்க நாக்கு. பதினேழு வயசுலேர்ந்து நான் அவங்க ரசிகன். தப்பு என்னுது, பொண்ணுது இல்ல.”

முத்துசாமி, வகுப்பில் மாட்டிக்கொண்டவர்போல மெல்லக் கையைத் தூக்கினார்.

“சார்... நானும்தான் சார்.”

கோவிந்தம்மாள் நிதானமாக உட்கார்ந்து, மலர்விழியின் தட்டிலிருந்து காபியை எடுத்துக்கொண்டார்.

“கல்யாணமான மறுமாசமே தெரியும்ங்க. இதை இவரு வாயால சொல்ல வெக்கத்தான் முப்பது வருஷமா அந்த நாக்குக்கு விளக்கேத்தறேன்.”