எங்க ஊர் இருட்டுக்கு ஏத்த கேமரா

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். செங்கல்பட்டு போயி, ராத்திரியில நல்லா தெரியற மாதிரி ஒரு கேமரா வாங்கிட்டு வரணும்.

ரெண்டாயிரம் பொறந்து எட்டு ஒம்போது வருஷம் ஆன சமயம். வீட்டுக்கெல்லாம் கேமரா வைக்கிற பழக்கம் அப்பதான் எங்க பக்கம் எட்டிப் பாத்துது. மகாபலிபுரத்துல எங்க தெருவுல நான்தான் மொத ஆள்.

பெருமைக்கு இல்லீங்க. பெட்ரோலுக்கு!

வாசல்ல நிக்கிற என் பைக்ல யாரோ டியூபைக் கழட்டி பெட்ரோல் எடுத்துக்கிட்டிருந்தான். மொத்தமா எடுத்தாலாவது பரவால்ல, வண்டி கிளம்பாது, பஸ் புடிச்சிருப்பேன். இவன் கொஞ்சம் மிச்சம் வைக்கிற நல்லவன். அந்த மிச்சத்துல கிளம்பி, படூர்ல நான் கிளார்க்கா இருக்கிற காலேஜுக்குப் போற வழியில, கரெக்டா திருப்போரூர் தாண்டினதும் வண்டி நின்னுடும்.

தினமும் மூடியத் திறந்து பாக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் மூளைன்னு ஒண்ணு வேணும்.

மேனேஜர் கூப்பிட்டு மெதுவாத்தான் சொன்னார். "இன்னும் ஒரு மாசம் பாப்பேன். இப்படியே லேட்டா வந்தீங்கன்னா வேற ஆள் போட்டுக்குவோம்."

பெட்ரோல் போனா ஊத்திக்கலாம். வேலை போனா?

செங்கல்பட்டு கடைக்காரர் என்னை உக்கார வச்சு பாடம் எடுத்தார். "சார், லென்ஸைச் சுத்தி கண்ணாடிக்குள்ள சின்னச் சின்ன பல்பு கீது பாருங்க. அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். கும்மிருட்டுல கூட படம் புடிக்கும்."

"ஆள் மூஞ்சி தெரியுமா?"

"மூஞ்சில இருக்கிற மச்சமே தெரியும்."

நான் லேசுல நம்புற ஆளா? டெஸ்ட் பண்ணணும்னேன். பாவம், பட்டப்பகல்ல கேமராவோட இருட்டு குடோனுக்குள்ள போயி நின்னு விரலைக் காட்டினார். நான் வெளியில டீவியைப் பாத்து, "மூணு! இப்ப அஞ்சு!"ன்னு கத்தினேன். கடைக்கு வந்த ரெண்டு பேர் என்னைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க.

கேமராவை மாட்டினது எங்க தெரு எலக்ட்ரீஷியன் மணி. "ஆங்கிளு என்கிட்ட வுடு அண்ணாத்த. எவன் வண்டி மேல கை வச்சாலும் மாட்டிக்குவான்"னு சொல்லி, சன்ஷேடுக்குக் கீழ நச்சுன்னு மாட்டிக் குடுத்தான்.

உடனே என் பொண்டாட்டி சுமதி சந்தனம் குங்குமத்தோட வந்துட்டா. எங்க வீட்ல புதுசா எது வந்தாலும் பொட்டு வைக்காம ஓட விடமாட்டோம். மிக்ஸி, ஃபேன், கேஸ் அடுப்பு எல்லாத்துக்கும் வச்சாச்சு. கேமரா மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

"ஏங்க, நடுவுல வச்சிடாதீங்க, படம் மறைக்கும்"னா.

"எனக்குத் தெரியாதா?"

லென்ஸைத் தொடவே இல்ல நான். அதைச் சுத்தி கண்ணாடி மேல, ஜம்முனு மூணு சந்தனப் பொட்டு வச்சு, அது மேல குங்குமம். டீவியில பாத்தா படம் பளிச்சுன்னு இருக்கு. சுமதியைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சேன் பாருங்க, அந்தச் சிரிப்பை நெனச்சா இப்பவும் எனக்கே என் மேல கோவம் வருது.

மறுநாள் காலையில ரெக்கார்டிங் போட்டேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பைக்கு, தெரு, நாய் எல்லாம் தெளிவா இருக்கு. இருட்டினதுக்கு அப்புறம்? ஒரே வெள்ளை! பால் சட்டிக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருந்துது. விடியறப்பதான் பைக் தெரிஞ்சுது. பெட்ரோல் இல்ல.

டீக்கடையில போயி, தெருவுக்கே கேக்கற மாதிரி புலம்பினேன். "பகல்ல ராஜா மாதிரி தெரியுது, ராத்திரியில ஒண்ணுமே தெரியலப்பா!"

மணிகூட வருத்தப்பட்டான். "மாலு சரியில்ல அண்ணாத்த."

கேமராவைக் கழட்டினேன். பொட்டு வச்ச பொருளை அப்படியே திருப்பிக் குடுக்கிறது மரியாதை இல்லைன்னு, ஈரத்துணியால நல்லா துடைச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். கடைக்காரர் மறுபடி குடோனுக்குள்ள போனார். மறுபடி விரலைக் காட்டினார். எல்லா விரலும் தெரிஞ்சுது!

"இன்னா சார், நல்லாதானே கீது?"

அதுக்காகத் தோத்துட்டுப் போக முடியுமா? "உங்க குடோன் இருட்டு வேற, எங்க மகாபலிபுரம் இருட்டு வேற. அங்க கடல் காத்து. உப்பு மூட்டம்."

"கடலை ஒட்டி புதுப்பட்டினத்துல எத்தினி வூட்டுக்குக் குடுத்துகீறேன், யாரும் மூட்டம்னு வர்லியே?"

ஆனாலும் மாத்திக் குடுத்தார். இது பெருசு, பல்பும் டபுள். நைட் விஷன் சும்மா பின்னும்னார். கண்ணாடியும் பெருசா இருந்துதா, பாக்க மொட்டையா இருக்கக் கூடாதேன்னு அஞ்சு பொட்டு வச்சேன்.

வெள்ளையும் டபுள் ஆச்சு. பெட்ரோலும் போச்சு. அன்னிக்கு முக்கா மணி நேரம் லேட்டு. மேனேஜர் வாட்சை மட்டும் பாத்தார். அதுதான் ரொம்ப பயமா இருந்துது.

சனிக்கிழமை சுமதியே கேமராவைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டா. "நீங்க வாயைத் திறக்காதீங்க, நான் பேசிக்கிறேன்."

கடைக்காரர் பையில இருந்து கேமராவை எடுத்தார். திருப்பினார். அப்படியே நின்னுட்டார்.

"அம்மா, இது இன்னா?"

"பொட்டுங்க."

"பொட்டுன்னு தெரியுது. பல்பு மேல யாரு வச்சது?"

சுமதி என்னைப் பாத்தா. நான் கடை ஃபேனைப் பாத்தேன்.

அவர் பொறுமையாத்தான் சொன்னார். ராத்திரியில பல்பு வெளிச்சம் வெளிய போகாம, அந்தச் சந்தனத்துல பட்டு திரும்பி லென்ஸுக்குள்ளயே அடிக்குதாம். பகல்ல பல்பு எரியாது, அதனால வெள்ளை வராதாம். "சார், உங்களுக்குப் புது கேமரா வேணாம். பழைய துணி ஒண்ணு தரேன், எட்துனு போங்க."

பஸ்ல வீடு வர்ற வரைக்கும் சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்கிட்டே வந்தா.

யார்கிட்டயும் மூச்சு விடாம நானே கேமராவை மாட்டினேன். பொட்டை அதோட முதுகுல வச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில டீவியைப் போட்டா, அடேங்கப்பா! மூஞ்சில இருக்கிற மச்சம் வரைக்கும் தெரியுது.

மணியோட மச்சம்!

மணை போட்டு உக்காந்து, அவசரமே படாம, கேன்ல பெட்ரோல் புடிக்கிறான். மொத நாள் பல்பு மேல பொட்டு வச்சப்பவே பக்கத்துல நின்னு பாத்த எலக்ட்ரீஷியன் அவன். போதாக்குறைக்கு, இருட்டுல ஒண்ணுமே தெரியலைன்னு டீக்கடையில தெருவுக்கே சொன்னவன் நான்தானே? அவன் ஏன் பயப்படப் போறான்!

கூப்பிட்டு விட்டேன். டீவி முன்னாடி உக்கார வச்சு ஓட்டிக் காட்டினேன். சுமதி கையைக் கட்டிக்கிட்டு நின்னா. மணி கண்ணு கொட்டாம கடைசி வரைக்கும் பாத்தான். கால்ல விழுவான்னு நான் காலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டேன்.

"அண்ணாத்த, ஆங்கிளு பாத்தியா? வண்டி, கேனு, என் மூஞ்சி, ஒண்ணுகூட கட் ஆவல!"

போலீசுக்கெல்லாம் போகல. ஒரு மாசம் தினமும் என்னை அவன் வண்டியிலயே காலேஜ்ல கொண்டு விடணும்னு சுமதி தீர்ப்பு சொல்லிட்டா. ஒரு நாள் லேட் இல்ல, வேலையும் தப்பிச்சுது. அந்த ஒரு மாசமும் அவன் பங்க் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்ல. அவ்வளவு ஸ்டாக் வச்சிருந்தான்!