துரையின் இடது காது

இனிமேல் துரைக்குக் காதில் மருந்து ஊற்றுவதில்லை என்று கணக்கு வாத்தியார் ஒரு காலையில் முடிவு கட்டினார்.

துரை அவர் வீட்டு நாய். துரையாக அது இருந்தது. எடுபிடியாக இவர் இருந்தார். வருடக்கணக்கில் அதன் இடது காதில் சீழ். காலையும் மாலையும் தலையை மடியில் அமுக்கிப் பிடித்து, துடைத்து, சொட்டு விடுவார். மறுகணம் துரை ஒரு உதறு உதறும். பாதி மருந்து சுவருக்கு, மீதி இவர் சட்டைக்கு. அந்த வாடைக்குப் பயந்து வகுப்பில் முன் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. ஆனாலும் அது முனகிக்கொண்டே தலையைச் சோபாவில் தேய்ப்பதைப் பார்த்தால் இவருக்குக் கோபம் வராது. அலுப்புத்தான் வரும்.

நாய் டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். காதுக்குழாய் தடித்து, கல் மாதிரி இறுகி அடைத்துவிட்டது. இனி மருந்து உள்ளே இறங்காது. குழாயையே எடுத்துவிட்டால்தான் வலி போகும்.

மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது? குரலைக் குழைத்துக்கொண்டு போனார்.

“இந்தா பாரு, துரைக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்.”

“ஐயையோ, காதை அறுக்கவா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?”

“காதை இல்லம்மா, உள்ள இருக்கிற குழாயை. காது வெளியில அப்படியே தொங்கும். அந்தப் பக்கம் சரியாக் கேக்காது, அவ்வளவுதான்.”

“அப்புறம் நான் கூப்பிட்டா?”

“எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. நீ கூப்பிட்டா கேக்குதா?”

“அதைத்தானே நானும் தினம் கேக்கறேன்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “சொறியாம காவல் இருக்கணும், மாத்திரை குடுக்கணும். அந்தத் தையலைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வந்துடும்.”

காரியம் கெட்டுவிடுமோ என்று வாத்தியார் பதறினார். “எனக்குப் பரீட்சை லீவுதானே? எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ உங்க அக்கா வீட்டுக்குப் போய் இருந்துட்டு வா.”

“உங்களைத் தனியா விட்டுட்டா?”

“போயிட்டு வாம்மா!” கையெடுத்துக் கும்பிடாத குறை. அவள் அரை மனசாகத் தலையாட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காதைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் புனல் மாட்டியபடி துரை தள்ளாடி வந்து, வாத்தியாரின் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கியது. முனகல் இல்லை. அவர் காலை அசைக்காமல் நின்றார்.

“காதை ஒட்டிப் போற நரம்பு அசந்திருக்கு, இந்தக் கண் இமை கொஞ்ச நாள் சரியா மூடாது. சொட்டு மருந்து விடணும்,” என்று டாக்டர் ஒரு புட்டியை நீட்டினார். “உங்க வீட்டம்மா போன வாரமே வந்து எல்லாம் பேசிட்டாங்க. கூட இருந்து பாத்துக்க ஒரு ஆளைப் பிடிச்சிட்டுத் தேதி சொல்றேன்னாங்க. அந்த ஆள் நீங்கதானா சார்?”