பேசின் திருத்தப் போய் ஊரைக் கிளப்பிய விபரம்

கல்முனைக்குடி,
2010 ஆடி மாதம்.

பெருமதிப்புக்குரிய மச்சான் முகைதீன்பாவா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீங்களும் மச்சியும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருப்பீர்கள். இங்கும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் தங்கை ஸுலைஹா நேற்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. வளவு உங்கள் வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது, பழைய வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு கட்டிய வீடும் அவள் பேரில்தான், ஆகையால் கதவைப் பூட்டிவிட்டாள். விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் வந்து சொன்னால்தான் எனக்கு இனி உள்ளே இடம்.

குளியலறையில் கை கழுவும் பேசினில் தண்ணீர் இறங்காமல் நின்றது. பைப் வேலை பார்க்கும் றஊபைக் கூப்பிடுவோம் என்றாள். தபால் கந்தோரையே நடத்தினவனுக்கு ஒரு பேசின் பெரிதா என்று நான் குறட்டோடு கீழே படுத்து, வளைந்த குழாயைக் கழற்றியும் விட்டேன். அதில் அடைத்துக் கிடந்தது அவளுடைய முடிதான். அதைச் சொல்லிக் காட்ட எழும்பினேன், குறடு பட்டுப் பக்கத்துத் தண்ணீர்ப் பைப் முறிந்தே போனது. மேலே தாங்கியில் நிரப்பி வைத்த தண்ணீர் முழுக்க என் முகத்தில். பூட்டுவோமென்றால் மெயின் வால்வை மேசன் சீமெந்து வைத்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறான். "இதப் பொத்திப் புடி புள்ள, றஊபக் கூட்டிட்டு வாறன், நான் வரும்வரைக்கும் கைய எடுத்திராத" என்று அவள் உள்ளங்கையை அதில் வைத்துவிட்டு ஓடினேன்.

அங்கேதான் வினை. கடற்கரைப் பக்கமிருந்து ஒருவன் தலை முதல் கால் வரை நனைந்து, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் பிரதான வீதியை நோக்கி ஓடினால் நம் சனம் என்ன நினைக்கும்? பக்கத்து வீட்டுச் சல்மா உம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் ஓடினா. அவ ஓட எங்கள் ஒழுங்கைச் சனமெல்லாம் ஓடியது. கடல் வருகுதெண்டு ஆரோ கத்தினார்கள். றஊப் கடை வாசலில் நின்றான். "றஊப், நில்லு" என்றேன். அவன் என்னையும் பின்னால் வந்த கூட்டத்தையும் பார்த்துவிட்டு எனக்கு முன்னால் ஓடினான். நானும் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு சனம் ஓடி வருவதைக் கண்டதும் கடல் வருவது எனக்கே உறுதியாகிவிட்டது. மச்சான், சண்டைக் காலத்திலும் நான் அப்படி ஓடியதில்லை.

பிரதான வீதியையும் தாண்டி வயல் சேற்றில் நின்று மூச்சு வாங்கும்போது ஒருவர் கேட்டார், "கடலக் கண்டது ஆரு?" ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் ஓடியவரைக் காட்டினார். றஊப் மட்டும் பின்னால் திரும்பி என்னைக் காட்டினான். என் கையில் அந்த வளைந்த குழாய்.

சண்டை முடிந்து சனம் நிம்மதியாகப் படுத்தெழும்புகிற நேரத்தில் ஊரை ஓடவைத்தவன் என்று பள்ளிவாசலில் சிரிக்கிறார்கள். அதை விடுங்கள். வீட்டுக்கு வந்தால், தாங்கியில் தண்ணீர் முடிந்து எவ்வளவு நேரமோ, இவள் பைப்பில் வைத்த கையை எடுக்காமல் நிற்கிறாள், எனக்குக் காட்டுவதற்காக. வாசலைக் காட்டினாள். கொஞ்ச நேரம் பைப்பைப் பிடித்ததற்கு இவ்வளவு கோபமா? கடல் வந்த அன்று இவள் கையை விடாமல் இழுத்துக்கொண்டு ஓடினவன் நான்தானே. உங்கள் தங்கைக்கு அந்த நன்றி இல்லை என்பதை நீங்கள்தான் வந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உங்கள் வீட்டுப் பைப்புகளையும் அல்லாஹ் காத்தருள்வானாக.

இப்படிக்கு,
விறாந்தையில் இருக்கும் உங்கள் மச்சான்
ஆதம்லெவ்வை

பி.கு: உறையில் போடும்போது ஸுலைஹா கதவைத் திறந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "சனம் ஓடினதும் கேட்டிச்சி, கடல் வருகுதெண்டு கத்தினதும் கேட்டிச்சி" என்றாள். மறுகா ஏன் புள்ள ஓடல்ல என்று கேட்டேன். "நான் வரும்வரைக்கும் கைய எடுக்காதெண்டு செல்லிட்டுப் போனீங்க. வருவீங்கெண்டு நிண்டன்" என்றாள். மச்சான், ஸலாமைத் தவிர மேலே எழுதிய எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துவிடுங்கள். நீங்கள் வரத்தான் வேண்டும், ஆனால் என் பக்கம் கதைக்க வேண்டாம்.