1794-ஆம் ஆண்டுக் காசுக்குப் பெயர் வைத்த கதை

நீதி எங்கே குடியிருக்கிறது என்று தேடுகிறவர்கள் வாஷிங்டனுக்குப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். அது பென்சில்வேனியா மாநிலம் ஹாரிஸ்பர்க்கில், நெடுஞ்சாலையோர ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறையில், ஆண்டுக்கொரு முறை, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடுகிறது. பழஞ்செப்புக் கழகத்தின் தர நிர்ணயக் குழு என்று அதற்குப் பெயர். நீதிபதிகள் மூவர். மூவருக்கும் பார்வை சுமார். பூதக்கண்ணாடிகள் மட்டும் முதல் தரம்.

அமெரிக்கா பிறந்த புதிதில் அடித்த பெரிய செப்பு சென்ட்டுகளைத்தான் இவர்கள் விசாரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். ஓர் அச்சில் இலை கொஞ்சம் சாயும். இன்னொன்றில், காசின் முகப்பிலுள்ள சுதந்திர தேவியின் கூந்தல் கொஞ்சம் நீளும். அச்சு மாறினால் அது தனி "வகை". இதனால் உலகத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்களைக் கழகம் உறுப்பினராகச் சேர்ப்பதில்லை.

மூவரில் ஒருவரான லைமன் ஸ்டோல்ட்ஸ் முப்பத்தோரு வருடம் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவர். ஒவ்வொரு லிஃப்டிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் கையெழுத்து தொங்கியது. லிஃப்டில் ஏறுகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், செருப்பைப் பார்ப்பார்கள், அதை மட்டும் பார்க்க மாட்டார்கள். அவர் ஓய்வு பெற்ற மறு வருடமே எல்லாச் சட்டங்களிலும் வேறொருவர் பெயர் வந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. தன் பெயர் எதிலாவது மிஞ்ச வேண்டும் என்ற ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அப்படிப்பட்டவரின் கண்ணில்தான், போன மார்ச் மாதம், அந்தக் காய் பட்டது.

1794-ஆம் ஆண்டு சென்ட்டின் பின்புறத்தில் ஓர் இலை மாலை உண்டு. வலப்பக்கக் கிளையில் கீழேயிருந்து மூன்றாவது காய் எல்லாக் காசுகளிலும் வெளியே தொங்கும். லைமனுடைய காசில் அது இலைக்கு அடியில் பாதி மறைந்திருந்தது. யாரும் பதிவு செய்யாத அச்சு! அவர் ஒட்டக முடித் தூரிகையால் அந்தக் காசைத் தினமும் நூறு முறை வருடினார். செம்புக்கு அது நல்லது என்பது கழகத்தாரின் நம்பிக்கை.

"கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆச்சு" என்றாள் அவர் மனைவி வெர்னா. "என் தலையில ஒரு நாளாவது இப்படி சீப்பு போட்டிருப்பியா?"

"உனக்குத் தேய்மானம் இல்லையே, வெர்னா."

"நல்லா மழுப்புற. அந்தக் காய் ஒளிஞ்சா என்ன, தொங்கினா என்ன? பறிச்சு ஜாம் பண்ணவா போறோம்?"

லைமன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு என் பேர் வைப்பாங்க" என்றார். வெர்னா அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. காப்பி மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.

பெயர் வைப்பதற்கு விதி இருந்தது. கழக விதி பதினொன்று: புதிய வகை உண்டு என்பதற்கு இரண்டு காசுகள் சாட்சி சொல்ல வேண்டும். இரண்டும் வெவ்வேறு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். எழுபதுக்குக் குறைந்தது பன்னிரண்டு மதிப்பெண்ணாவது இரண்டும் வாங்க வேண்டும். அதற்கும் கீழே தேய்ந்ததில் கண் நினைத்ததையெல்லாம் பார்த்துவிடும். இரண்டில் எது உயர்ந்ததோ, அதன் சொந்தக்காரர் பெயர் அந்த வகைக்கு. உறுப்பினர் தன் காசுக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது; மற்ற இருவர் போடுவார்கள். இவ்வளவு ஓட்டையில்லாத விதியை அரசியல் சட்டம் எழுதியவர்கள்கூட யோசிக்கவில்லை.

கூட்டத்தன்று காலை, வியாபாரிகளின் மேசையொன்றில், கழித்துப் போட்ட காசுகளின் தட்டில், லைமன் இரண்டாவது சாட்சியைக் கண்டுபிடித்தார். கூந்தல் இல்லை, மூக்கு இல்லை, ஆண்டின் கடைசி எண் இருந்த இடத்தில் வழவழப்பு. தாராளமாகப் போட்டாலும் ஆறு மதிப்பெண்தான் தேறும். ஆனால் லென்சைச் சாய்த்துப் பிடித்தால், இலைக்கு அடியில், அந்தப் பாதிக் காய் தெரிந்தது. விலை பேசாமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் சாட்சி செல்லாது. குழுத் தலைவர் ஆரன் கெஸ்லரைத் தேடிப் போனார். கெஸ்லர் இருபது வருட நண்பர். இருபது வருடமாக லைமனுக்கு முன்பாகவே எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறவர்.

"ஆரன், இது உனக்குப் பரிசு. வச்சுக்கோ."

கெஸ்லர் பார்த்தார். "என்னப்பா இது, சட்டைப் பித்தானா?"

"காயைப் பாரு."

கெஸ்லர் நெடுநேரம் பார்த்தார். "ஓஹோ" என்றார். பிறகு, "சிநேகிதம்னா இதுதான் லைமன்" என்று தோளில் தட்டினார்.

பகல் இரண்டு மணிக்கு நீதிமன்றம் கூடியது. மூன்றாவது நீதிபதி திருமதி ஒடெசா ஃபென், ஓய்வு பெற்ற நூலகர். சுயமான கருத்துடையவர். முதலில் பேசுகிறவரின் கருத்து எதுவோ, அதுவே அவருடையதும்.

முதலில் கெஸ்லரின் காசு. லைமன் லென்சை எடுத்தார். ஆறு என்று போட்டால் சாட்சி செத்தது, வகையும் செத்தது. பன்னிரண்டு என்று சொல்ல வாயெடுத்தார். பன்னிரண்டு விளிம்பில் நிற்கும் எண். யாராவது தும்மினால் பதினொன்றாகிவிடும்.

"பதினஞ்சு" என்றார்.

"மூக்கு இல்லையே லைமன்" என்றார் கெஸ்லர் அடக்கத்தோடு. "எனக்கே கூச்சமா இருக்கு."

"அது தேய்மானம் இல்ல ஆரன். அச்சை மெதுவா அழுத்தியிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க ஒடெசா?"

"எனக்கும் அதேதான் பட்டுச்சு" என்றார் திருமதி ஃபென், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அடுத்தது லைமனின் காசு. கெஸ்லர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான காசு. கூர்மை இருபது, சந்தேகமே இல்ல" என்றார். லைமனுக்கு மூச்சு வந்தது. "இனி குறைகளைக் கழிக்கணும். கழுத்துல ஒரு கீறல், ரெண்டு போச்சு. விளிம்புல ஒரு நசுங்கல், இன்னொரு ரெண்டு. அப்புறம் நிறம்..."

"நிறத்துக்கு என்ன? நல்ல சாக்லேட் நிறம்!"

"ரொம்பப் பளபளப்பு. அளவுக்கு மீறித் தூரிகை போட்டிருக்கே. மனசு கேக்கல, ஆனா கடமை. அதுக்கு ரெண்டு. பதினாலு."

"எனக்கும் அதேதான்" என்றார் திருமதி ஃபென்.

லைமன் மேசைமீதிருந்த இரண்டு காசுகளையும் பார்த்தார். ஒன்றில் கூந்தல் இழை இழையாக ஓடியது. மற்றதில் முகமே இல்லை.

"புதிய வகை நிரூபணமாச்சு. வாழ்த்துக்கள்!" கெஸ்லர் பேனாவைத் திறந்தார். "பேர், கெஸ்லர் வகை. ஆட்சேபம் உண்டா லைமன்? என் காசுக்கு நீ போட்ட பதினஞ்சு தப்புன்னு தோணினா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

தப்பு என்றால் சாட்சி போகும், காயும் போகும். தப்பில்லை என்றால் பெயர் போகும். லைமன் வாயைத் திறந்தார். மூடினார். கழகத்தின் நிகழ்ச்சிக் குறிப்பு இந்த இடத்தில் "சிறிய இடைவேளை" என்கிறது.

"சரியாத்தான் போட்டேன்" என்றார்.

மூவரும் கையெழுத்திட்டார்கள். தீர்ப்பு ஏகமனதானது, மேல்முறையீடு கிடையாது. சொந்தக் காசென்றால் மனிதன் பொய் சொல்லிவிடுவான் என்றுதான், அடுத்தவன் காசுக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது அந்த மாசற்ற விதி. அன்று அந்த மேசையைச் சுற்றியும் மேசைமீதுமாக இருந்தவர்களில் உள்ளதை உள்ளபடி சொன்னவை இரண்டே. இரண்டும் செம்பு.