கடலைத் துடைத்த கதை

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குச் சோதனைக் குழாயிலிருந்த தண்ணீர் பச்சையாக மாறியது. அது மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், மூன்றடி நீளத்தில் ஒரு கடல் இருக்கிறது. ஓசூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க ஒரு பொழுது ஆகிவிடும். அதனால் என் மகள் ஹேமா உப்பு வாங்கிக் கலக்கித் தானே ஒன்றைச் செய்துகொண்டாள். பன்னிரண்டாவது முடித்து, ஆசைப்பட்ட படிப்பு கிடைக்காமல், ஓராண்டு வீட்டிலேயே இருந்தவள் அவள். எங்களிடம் பேசியது குறைவு. அந்தத் தொட்டியிடம்தான் பேசினாள். அதில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். பெயர் சுக்கு, மிளகு.

பிறகு பெங்களூரில் வேறொரு படிப்பில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, மீனோட கழிவுல இருந்து அம்மோனியா வரும். வாராவாரம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அது ஏறிச்சுன்னா ரெண்டும் செத்துரும்." (எனக்கு ஏறும் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.)

நான் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அளப்பதுதான் என் பிழைப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே, "அளக்கறதுக்கு முன்னாடி கருவியைத் தொடைங்க" என்பதுதான். அதனால் தண்ணீர்ச் சோதனை எனக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை. சில துளி மருந்தை விட்டு, குலுக்கி, காத்திருந்து, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் நல்லது. பச்சை கெட்டது. வாராவாரம் மஞ்சள்தான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஹேமா முதல் விடுமுறைக்கு வருவதாக இருந்தது. விடியற்காலையிலேயே எழுந்து, கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவத்தைப் பீய்ச்சித் தொட்டியின் வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்தேன். கை சும்மா இருக்குமா? சோதனைக் குழாய்களையும் பளபளக்க வைத்தேன். அதன் பிறகுதான் அந்தப் பச்சை.

ஒரே ஒரு அளவை மட்டும் நம்பக் கூடாது. குழாயை மறுபடி நீலத் திரவம் விட்டு, ஊதுபத்திக் குச்சியில் பஞ்சு சுற்றி, அடி வரை துடைத்துவிட்டுச் சோதித்தேன். இன்னும் அடர்ந்த பச்சை.

"ஏங்க, மீனு நல்லாத்தானே நீந்துது?" என்றாள் என் மனைவி சாந்தி.

"கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தானே டெஸ்ட்டே."

"அப்ப அந்தக் குழாயை நம்புவீங்க, மீனை நம்ப மாட்டீங்க."

மூன்றாவது முறை இன்னும் கவனமாகத் துடைத்தேன். நிற அட்டையிலேயே இல்லாத ஒரு பச்சை வந்தது. நான் எவ்வளவு ஜாக்கிரதையாக அளந்தேனோ, அவ்வளவு வேகமாக மீன்களின் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது.

இனி வெளி ஆள் ஒருவர் அளந்து சொன்னால்தான் சரி என்று முடிவு செய்தேன். ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து, மாவடு வாசனை போக உள்ளே தாராளமாகப் பீய்ச்சித் துடைத்து, தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் ஒரு சிறிய ஆய்வகம் உண்டு. மஞ்சுநாத் அதன் பொறுப்பாளர். நன்றாகத் தமிழ் பேசுவார். பதறினால் மட்டும் கன்னடம் வந்துவிடும்.

"ஏனு சார் இது?" என்றார் முடிவைப் பார்த்துவிட்டு. "இது எந்த லைன் தண்ணி சார்? இத வெளிய விட்டோம்னா ஆபீசருங்க வந்து கேட்டைப் பூட்டிட்டுப் போயிருவாங்க."

"எங்க வீட்டுத் தண்ணிப்பா."

"வீட்லயா! குடிக்கிறீங்களா?"

"நாங்க இல்ல. மீன் வளர்க்கிறோம்."

மஞ்சுநாத் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மீன் இன்னும் இருக்கா சார்?"

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வீடு வரை பைக்கை எப்படி ஓட்டினேன் என்று இன்றும் தெரியாது. நான் நினைத்துக்கொண்டிருந்தது மீன்களை அல்ல. ஹேமா உள்ளே வந்து, பையைக் கூட இறக்காமல், நேராகத் தொட்டியைப் பார்க்கப் போகிறாளே, அந்த முகத்தை. அந்த முகத்தோடு ஓராண்டு இருந்தவர்கள் நாங்கள்.

மீன்களை வேறு தண்ணீருக்கு மாற்றுவது என்று தீர்மானித்தேன். ஹேமா கலக்கி வைத்த உப்புத் தண்ணீர் ஒரு டிரம்மில் தயாராக இருந்தது. மஞ்சள் பக்கெட்டை எடுத்தேன். துணி துவைத்த பக்கெட். சும்மா விடுவேனா? உள்ளே முழுக்கப் பீய்ச்சித் துடைத்து (பாட்டிலில் மிச்சமிருந்ததில் முக்கால்வாசியும்), தண்ணீரை நிரப்பித் தொட்டியருகே வைத்தேன்.

வலை எங்கே என்று தெரியவில்லை. டீ வடிகட்டியோடு இறங்கினேன். சுக்கு பாறைக்குப் பின்னால் போய்விட்டது. மிளகு ஒருமுறை வடிகட்டிக்குள் வந்தேவிட்டது. தூக்கினேன். பக்கெட்டுக்கு மேலே கொண்டுபோகும்போது துள்ளித் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. பிறகு நான் தோள் வரை கையை விட்டுத் துழாவ, விரலைக் கடித்தது. தரையெல்லாம் கடல். சாந்தி மாப்போடு நின்று, "பண்ணுங்க, பண்ணுங்க. அவ வந்து பாக்கட்டும்" என்றாள்.

அந்த ஒரு துள்ளல்தான் மிளகைக் காப்பாற்றியது. அன்று அந்த வீட்டில் விஷத் தண்ணீர் என்று ஒன்று இருந்தது என்றால், அது நான் மீனுக்காகத் தயாரித்து வைத்திருந்த பக்கெட்டில்தான் இருந்தது.

இது எனக்குத் தெரிந்தது ஹேமா வந்த பிறகு. நினைத்த மாதிரியே பையை இறக்காமல் நேராகத் தொட்டிக்கு வந்தாள். "அப்பா, முதல்ல கைய வெளிய எடுங்க" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு குழாயை எடுத்தாள்.

"இரு, தொடச்சுத் தர்றேன்" என்று நான் நீலப் பாட்டிலை எடுத்ததும் அவள் கை நின்றது. பாட்டிலை வாங்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். சேர்மானங்களில் அம்மோனியாவும் இருந்தது. குனிந்து பக்கெட்டை முகர்ந்தாள். பிறகு குழாயைத் தொட்டித் தண்ணீரிலேயே பலமுறை அலசி, மருந்து விட்டு, என் கண்ணெதிரே பிடித்துக் குலுக்கினாள். காத்திருந்தோம். மஞ்சள். நல்ல எலுமிச்சை மஞ்சள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது. அவள் பஸ் அத்திப்பள்ளி நெரிசலில் நின்று தாமதமானால், நான் வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்க ஆரம்பித்தால், சாந்தி அதைச் சொல்லுவாள். எப்படியோ தொழிற்சாலை வரை போய், மஞ்சுநாத்தும் சொல்கிறார். அன்று ஹேமா குழாயைக் கீழே வைத்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக எங்கள் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, ஈரம் சொட்டும் என் கையைத் துடைத்துவிட்டபடி சொன்னாள்:

"அப்பா, மீனுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் அம்மோனியா ஏறியிருக்கு."