சாந்த்ராகாச்சியில் குடிமகன் தோன்றிய வரலாறு

உலகம் ஈராயிரம் ஆண்டுகளாகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த குடியுரிமை என்னும் உயர்ந்த தத்துவத்தை, வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே காலனித் தமிழர்களாகிய நாங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பாகவே நிறுவி முடித்தோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதற்காக மற்ற தேசத்தார் ரத்தம் சிந்தினார்கள். எங்கள் தரப்பில் சிந்தியது காபி மட்டுமே. அதுவும் எங்கள் உறுப்பினர் பன்னீர்செல்வத்தின் கை தவறியதால்.

எழுபத்தொன்பதாம் வருஷம், துர்கா பூஜை முடிந்த சமயம். அதுவரை எங்கள் அமைப்புக்கு 'ஸ்ரீராம பஜனை சபா' என்று பெயர். தகரக் கூரை போட்ட ஒரு கூடம், ஒரு ஹார்மோனியம், ஒரு தலைவர் ஆகியவை அதன் சொத்துகள். தலைவர் ஜம்புநாதன் ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க். எந்தப் புதிய விஷயத்தைச் சொன்னாலும், “அது அந்தக் காலத்துலயே நம்மகிட்ட இருந்தது” என்று சொல்லி, அதைப் பழையதாக்கிவிடும் ஆற்றல் படைத்தவர். நான் சபாவின் செயலாளர். அவர் சொல்வதை எழுதிக்கொள்வது என் பணி.

அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெரு வங்காளிகள் 'நாகொரிக் கமிட்டி' ஒன்றை ஆரம்பித்து, தெருவுக்கு ட்யூப் லைட் வாங்கிவிட்டார்கள். எங்கள் தெரு இருட்டாகவே இருந்தது.

“அவா நாகரிகமா ஒரு கமிட்டி வெச்சு லைட் வாங்கிட்டா. நாம இன்னும் பஜனை சபா! இருட்டுல ராமருக்குக் கண்ணு தெரியும். நமக்குத் தெரியுமோ?” என்று ஜம்புநாதன் பொதுக்குழுவில் முழங்கினார். “நாகொரிக்னா குடிமகன். இனிமே நம்ம சபாவுக்குக் 'குடிமக்கள் மன்றம்'னு பேர்.”

லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்த மதுரைப் பன்னீர்செல்வம் கை தூக்கினார். “தலைவரே, எங்க ஊருப் பக்கம் குடிமகன்னா முடி வெட்டுறவருங்க. போர்டுல அப்படி எழுதினா, ஊர்லருந்து வர்ற எங்க மாமனாரு நான் வேலைய மாத்திட்டேன்னுல்ல நெனைப்பாரு?”

“சம்பளத் தேதியன்னிக்கு ராத்திரி சுவரைப் பிடிச்சுண்டு வராளே, அவாளையும் குடிமகன்னுதான் சொல்றா” என்றார் விஜயா. சொல்லும்போது தன் கணவர் கோவிந்தராஜனைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்.

ஜம்புநாதன் புன்னகைத்தார். “குடின்னா முதல்ல குடும்பம். அப்புறம் குலம். அப்புறம் ஊர். இப்போ தேசம். சொல்லு வளர்ந்துண்டே வந்திருக்கு. வளர்ந்த பிள்ளையைப் பாத்து, நீ தவழ்ந்தியே தவழ்ந்தியேன்னு கேலி பண்ணப்படாது.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அப்போதுதான் வாசலில் மருதமுத்து வந்து நின்றார்.

மருதமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரூர்ப் பக்கத்துக்காரர். காலனி வேலிக்கு வெளியே, லெவல் கிராசிங் அருகே சலூன் வைத்திருந்தார். மன்றத்தின் எல்லாத் தலைகளும் அவர் கையில்தான் இருந்தன. யாரும் வாங்காத ஒரு சதுப்பு நிலத்தை வாங்கி, இன்ஜின் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டி மேடாக்கி, அதில் தன் கையாலேயே வீடு கட்டியவர். வீட்டின் முன்னறைதான் சலூன்.

“சார், தையில எம் பொண்ணு சகுந்தலாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். கூடம் மெம்பருங்களுக்குத்தான்னு சொன்னாங்க. என்னையும் மெம்பரா சேத்துக்கிட்டீங்கன்னா…”

மன்றத்தில் சேர ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் சவரக் கத்தி வைத்திருப்பவரிடம் இதை நேராகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. ஜம்புநாதன்தான் மன்றத்தின் மானத்தைக் காப்பாற்றினார்.

“மருதமுத்து, இப்பத்தான் பன்னீர்செல்வம் சொன்னார். குடிமகன்கிறதே ஆதியில உங்க பட்டம். நாங்கள்ளாம் இன்னிக்குத்தான் மனுப் போட்டு குடிமகன் ஆகறோம். நீ பிறப்பிலேயே குடிமகன். உனக்கு எதுக்குப்பா மெம்பர்ஷிப்?”

ஒருவரைச் சேர்க்காமலேயே இவ்வளவு உயரத்தில் வைத்த நிகழ்ச்சி வேறெங்கும் நடந்திருக்காது. மருதமுத்து, “அப்ப கூடம் கெடைக்காதுங்களா?” என்றார். பிறகு போய்விட்டார்.

அடுத்த வாரம் மன்றத் தலைவர் தேர்தல். வங்காளிகள் ஓட்டுப் பெட்டி வைத்தார்கள் என்றால் நாங்களும் அதையே வைப்பதா? “சோழர் காலத்துக் குடவோலை! ஓலையில பேரெழுதி, குடத்துல போட்டு, குலுக்கி எடுக்கறது. ஜனநாயகம் அங்கேர்ந்துதான் வந்தது” என்று ஜம்புநாதன் அறிவித்தார். அந்தக் காலத்துத் தகுதிகளையும் அவரே தன் கையால் எழுதி வந்து, மன்ற விதிகளாக நிறைவேற்றிக்கொண்டார். எங்கள் பெருமையை நேரில் பார்க்கட்டும் என்று நாகொரிக் கமிட்டித் தலைவர் சுதாங்ஷு பாபுவைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, முன் வரிசையில் மாலையோடு உட்கார வைத்தோம்.

மன்றத்தின் பெருமையை ஆங்கிலத்தில் விளக்கியபின், ஜம்புநாதன் தகுதியைப் படித்தார்: “வேட்பாளர் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருத்தல் வேண்டும்.”

படித்தவர் நிறுத்தினார். கூடத்தில் இருந்த எல்லோரும் நிறுத்தினார்கள். எதை என்று தெரியாமல் நானும் நிறுத்தினேன்.

ஆடிட் பிரிவு வைத்தீஸ்வரன் எழுந்தார். “நாம எல்லாரும் இருக்கறது குவார்ட்டர்ஸ்.”

“குவார்ட்டர்ஸை சொந்த மனையா பாவிச்சுக்கலாமே, ஓய்?” என்றார் தலைவர்.

“பாவிக்கலாம். ஆனா மினிட்ஸ்ல எழுதினா சார்ஜ் ஷீட் வரும். சர்க்கார் கட்டடத்தைச் சொந்த வீடுன்னு சொல்றது குத்தம்.”

இதைக் கேட்டதும், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வரலாற்றின் மேல் எங்களுக்குள்ள பற்று பெரியதுதான். பென்ஷன் மேலுள்ள பற்று அதைவிடக் கொஞ்சம் பெரியது.

“அப்ப தகுதியுள்ள ஆளே இல்லையா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏன் இல்ல? மருதமுத்து இருக்காருல்ல!” என்றார் பன்னீர்செல்வம். “சொந்த மனை, சொந்த வீடு. கட்டும்போது நானே ரெண்டு கூடை சாம்பல் கொட்டியிருக்கேன்.”

“அவன் வேலிக்கு வெளில இருக்கானே!” என்றார் ஜம்புநாதன்.

“விதில வேலி இல்ல. மனைதான் இருக்கு” என்றார் வைத்தீஸ்வரன். ஆடிட்காரருக்கு நண்பன், பகைவன் கிடையாது, விதி ஒன்றுதான். குவார்ட்டர்ஸ் வழக்கம் ஞாபகத்துக்கு வந்து சிலர் வாயைத் திறந்தார்கள். ஆனால் அது வாய் வழக்கம். எழுதி நிறைவேற்றியது இதுதான்.

சுதாங்ஷு பாபு கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஆரம்பிக்கலாமா மொஷாய்?” என்று வங்காள மரியாதையோடு கேட்டார். இனிப் பின்வாங்க வழியில்லை. பன்னீர்செல்வம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் மருதமுத்து கையில் கத்தியோடு வந்தார். பின்னாலேயே, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு கோவிந்தராஜனும் வந்தார். தேர்தலைப் பார்ப்பதற்காக அல்ல, மீதிச் சவரத்துக்காக.

ஒரே ஒரு சீட்டு எழுதப்பட்டது. குடத்தில் போடப்பட்டது. ஜம்புநாதன் குடத்தின் வாயைத் துணியால் மூடி, பாரபட்சம் இல்லாமல் நன்றாகக் குலுக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டு, சிறிது நேரம் தேடி, ஒரு சீட்டை எடுத்தார். “மருதமுத்து!” என்று படித்தார். சுதாங்ஷு பாபு பலமாகக் கைதட்டினார்.

தலைவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த மருதமுத்து, கத்தியை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு கன்னியுரை ஆற்றினார்.

“பேச வராதுங்க. கல்யாணத்துக்கு எல்லாரும் குடும்பத்தோட வந்துடணும். கூடத்தை இனிமே அக்கம்பக்கத்துல யாரு கேட்டாலும் குடுத்துருவோம். பூட்டியே வெச்சா எலிதான் குடியிருக்கும்.”

தையில் கல்யாணம் நடந்தது. தகரக் கூரைக்குக் கீழே சீரியல் விளக்கு, மைக் செட், கரூரிலிருந்து வந்த நாதஸ்வரம். முதல் பந்தியில் முதல் இலை ஜம்புநாதனுக்குத்தான். மருதமுத்துவின் மனைவி கிருஷ்ணம்மாள் பட்டுப் புடவையில் வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், “வாங்க சார். இத்தன வருசமா விசேசம்னா பின்பக்கமா வந்து எச்சி எலை எடுத்துட்டுப் போவேன். இந்த வாசப்படி இம்புட்டு ஒசரம்னு இன்னிக்குத்தான் தெரியுது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தனத்தை எங்கே பூசிக்கொள்வது என்று சற்று நேரம் எனக்குத் தெரியவில்லை.

இத்துடன் வரலாறு நின்றிருக்கலாம். ஆனால் மருதமுத்து சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கெட்ட பழக்கம் உள்ளவர். மாசியில், மீன் விற்கும் ஹாராதன் தன் பேரனுக்கு முதல் சோறு ஊட்டக் கூடம் கேட்டார். கொடுத்துவிட்டார். பஜனை ஒலித்த கூடத்தில், ராமர் பட்டாபிஷேகப் படத்துக்கு நேர் எதிரே, ரோஹு மீன் கடுகெண்ணெயில் வறுபட்டது.

அன்று சாயங்காலமே அவசரப் பொதுக்குழு கூடியது. மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டே ஜம்புநாதன் பேசினார். அவருடைய சிந்தனை இதற்குள் பல நூற்றாண்டுகள் முன்னேறியிருந்தது.

“சொந்த நிலம் இருக்கறவனுக்குத்தான் உரிமைங்கறது என்ன நியாயம்? சுத்த நிலப்பிரபுத்துவம்! சோழன் காலத்துச் சரக்கை இந்தக் காலத்துல கட்டிண்டு அழலாமா? உலகம் எங்கேயோ போயிடுத்து. ஒரு குவார்ட்டர்ஸுக்கு ஒரு ஓட்டு. குவார்ட்டர்ஸ் இல்லாதவனுக்கு இல்லை. இதுதான் நவீன ஜனநாயகம்!”

சட்டப்படி, தீர்மானத்தை ஓட்டுக்கு விட வேண்டியவர் தலைவர். ஆகவே மருதமுத்துவே எழுந்து, “என்னய வேண்டாங்கறவங்க கை தூக்குங்க” என்றார். எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார்! எங்கள் தீர்மானம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. கைகள் உயர்ந்தன. பன்னீர்செல்வத்தின் கை பாதி வரை உயர்ந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. மருதமுத்து கூடத்துச் சாவியை மேஜையில் வைத்தார். “கட்டிங் இருந்தா வாங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவீன ஜனநாயகம் அந்தக் கோடை வரை சிறப்பாக நடந்தது. கோடையில் ஜம்புநாதன் ரிடையரானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. குவார்ட்டர்ஸ் போனதும், அவர் இயற்றிய விதிப்படியே, அவர் குடிமகன் இல்லை என்று ஆகிவிட்டது. தன் கொள்கைக்குத் தன்னையே பலி கொடுத்த பெருமை அவரைச் சேரும். அவர்தான் அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள மறுத்தார்.

வீடு தேடினார். பாலிகஞ்சில் மகன் பட்டாபிராமனின் ஃபிளாட்டில் இடம் அவ்வளவு குறைவு, மாமியார் நின்றால் மாமனார் உட்கார முடியாது. காளிகாட்டில் ஒரு வீட்டுக்காரர், “மாத்ராஜிகள் சாம்பார் கொதிக்க வைப்பீர்கள், வாசனை தாங்காது” என்று கதவைச் சாத்தினார். “என்ன அநாகரிகம் பாத்தேளா! வாசனையை வெச்சு மனுஷனை ஒதுக்கறதாவது!” என்று அவர் என்னிடம் குமுறினார். நான் எழுதிக்கொண்டேன்.

விஷயம் சலூனுக்கு எட்டியது. மருதமுத்து வந்தார். “சகுந்தலா போன பொறவு உள்ரூம்பும் சமையக்கட்டும் சும்மாத்தான் கெடக்கு. அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்து இருங்க சார்.”

ஜம்புநாதன் தம்பதி அந்த வீட்டில் குடியேறினார்கள். கிருஷ்ணம்மாள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வரவேற்றார். ஒரு வாரம்தான் ஜம்புநாதன் சும்மா இருந்தார். எட்டாம் நாள் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். சலூன் நாற்காலியில் கழுத்தில் துண்டோடு சாய்ந்திருந்தார். மருதமுத்து அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

“எழுதிக்கும் ஓய். குடிங்கற சொல்லோட உண்மையான அர்த்தம் இப்பத்தான் எனக்குப் பிடிபட்டது. அடுத்தவன் மனையில குடியிருக்கான் பாரும், அவன்தான் குடி! அவனுக்குத்தான் உரிமை வேணும். 'குடியிருப்போர் உரிமைச் சங்கம்' ஆரம்பிக்கறோம். நீர் செயலாளர். முதல் கூட்டம் ஞாயித்துக்கிழமை, இதே வராந்தாவுல.”

மருதமுத்து கத்தியைத் தோல்பட்டையில் தீட்டியபடி கேட்டார். “அதுலயாச்சும் என்னயச் சேத்துக்குவீங்களா சார்?”

“அதெப்படிப்பா முடியும்?” ஜம்புநாதன் உண்மையாகவே வருத்தப்பட்டார். “நீ வீட்டுக்காரன் ஆச்சே. எங்களைச் சுரண்டற வர்க்கம்!”

வாடகை என்ற பேச்சையே இதுவரை எடுக்காத அந்தச் சுரண்டும் வர்க்கம், அவர் தாடையை இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, மறு கன்னத்தையும் சுரண்ட ஆரம்பித்தது.